குவாலா கெட்டிலிலிருந்து வணிகப் பட்டம்: சமயப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டிய கணக்கு

சமயப் பல்கலைக்கழகம் என்றால் கட்டணம் குறைவு என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போடுகிற குடும்பங்கள் மலேசியாவின் கெடா தோட்டப் பக்கத்தில் நிறைய. அது பாதிதான் உண்மை. கட்டணம் குறைவாக இருந்தால் மீதியை யாரோ கட்டுகிறார்கள் என்று பொருள். திருச்சபை, அறக்கட்டளை, வக்ஃப் சொத்து, ஸக்காத், அரசு மானியம் என்று ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். அந்தப் பணம் யாருக்கு, எந்த நிபந்தனையின் பேரில் கிடைக்கிறது, அந்த வட்டத்துக்குள் உங்கள் பிள்ளை வருகிறாரா என்று முதலில் கேளுங்கள். அதற்கு விடை தெரியாமல் கட்டணப் பட்டியலைப் படிப்பது வீண் வேலை.

அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்கே ஒரே வகுப்புக்கு இரண்டு விலை. மோர்மன் திருச்சபை உறுப்பினருக்கு ஒரு கட்டணம், மற்றவருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. உறுப்பினர்கள் தரும் தசமபாகத்திலிருந்து மானியம் வருவதால் இப்படி. உள்நாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தாலும், ஸக்காத் உதவி முஸ்லிம் மாணவருக்கு மட்டுமே. தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை கெடா ஸக்காத் வாரியத்தில் விண்ணப்பிக்கலாம். பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைக்கு அந்த வழி கிடையாது. இருவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தாலும் கையை விட்டுப் போகும் பணம் வேறு.

எதோடு ஒப்பிடுவது?

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். கெடாவில் இருப்பவருக்கு அது சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகம், அதாவது யூ.யூ.எம். நிர்வாகப் படிப்புகளுக்காகவே 1984-இல் தொடங்கிய அரசுப் பல்கலைக்கழகம் அது. படிவம் ஆறில் வணிகம், பொருளாதாரம், கணக்கியல் ஆகிய பாடங்களை எடுத்து, எஸ்.டி.பி.எம். தேர்வு, மூயெட் ஆங்கிலத் தேர்வு இரண்டையும் முடித்து, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யூ.பி.யூ. வழியாக விண்ணப்பித்து இடம் கிடைத்தால், அதைவிட மலிவான, உள்நாட்டில் கேள்வியே இல்லாமல் செல்லுபடியாகும் வணிகப் பட்டம் கிடைப்பது அரிது. படிவம் ஆறுக்குச் செலவும் மிகக் குறைவு. எனவே எந்தச் சமயப் பல்கலைக்கழகத்தைப் பார்த்தாலும் ‘இது யூ.யூ.எம்.-ஐ விட எதில் மேல்?’ என்று கேளுங்கள். இடம் கிடைக்காமல் போகலாம், மதிப்பெண் போதாமல் இருக்கலாம், பிள்ளைக்கு அந்தச் சமயச் சூழலில் வாழ உண்மையான விருப்பம் இருக்கலாம். இவை நல்ல காரணங்கள். ‘சாமியார் நடத்துகிற இடம், ஏமாற்ற மாட்டார்கள்’ என்பது காரணமாகாது.

யூ.பி.யூ.-வில் எஸ்.டி.பி.எம். மாணவருக்கு 90 விழுக்காடு கல்வி மதிப்பெண், 10 விழுக்காடு புறப்பாட மதிப்பெண். நம் பிள்ளைகள் பலர் இந்தப் பத்தைக் கோட்டை விடுகிறார்கள். சீருடை இயக்கத்திலும் விளையாட்டிலும் சேர்ந்த சான்றிதழ்களைப் பள்ளிக் காலத்திலேயே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

என்னென்ன வாய்ப்புகள்?

வீட்டுக்குப் பக்கத்தில் குவாலா கெட்டிலிலேயே ஒன்று இருக்கிறது. கெடா மாநிலத்தின் இன்சானியா கல்லூரிதான் இன்று யூனிஷாம்ஸ் என்ற பெயரில் இஸ்லாமியப் பல்கலைக்கழகமாக நடக்கிறது. இஸ்லாமிய நிதி, நிர்வாகம் சார்ந்த படிப்புகள் அங்கே உண்டு. வீட்டிலிருந்து மோட்டாரில் போய்வர முடிகிற தூரம் என்பதால் விடுதிச் செலவு மிச்சம். அலுவலகத்தைக் கூப்பிடும்போது நாளைக் கவனியுங்கள்: கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. 1983-இல் தொடங்கி இன்று கோம்பாக்கில் இயங்கும் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் (யூ.ஐ.ஏ.எம்.) சிலாங்கூரில் இருப்பதால் அங்கே விடுமுறை சனி, ஞாயிறு. அங்கே பொருளாதார, நிர்வாக அறிவியல் துறை பெரியது, பாடமொழி ஆங்கிலம். முஸ்லிம் அல்லாதவர் இந்த இரண்டு இடங்களிலும் விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்து மூலம் கேட்க வேண்டியவை: நான் கேட்கும் படிப்புக்கு முஸ்லிம் அல்லாதவரைச் சேர்க்கிறீர்களா, கட்டாயச் சமயப் பாடங்கள் எத்தனை கிரெடிட் (பாட அளவின் அலகு), உடை விதி எனக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்.

தாய்லாந்துப் பக்கம் இரண்டைச் சொல்லலாம். பாங்காக்கில் உள்ள அசம்ப்ஷன் பல்கலைக்கழகம் கத்தோலிக்கத் துறவற சபையார் 1969-இல் தொடங்கியது. ஆரம்பத்திலேயே வணிகப் படிப்புதான் அதன் அடித்தளம், பாடமொழி ஆங்கிலம். பெயர் பெரிது, ஆனால் மலிவு என்று சொல்ல முடியாது. சராபுரி மாநிலம் முவாக் லெக்கில் உள்ள ஆசிய பசிபிக் அனைத்துலகப் பல்கலைக்கழகம் அட்வென்டிஸ்ட் திருச்சபையுடையது. அட்வென்டிஸ்டுகளுக்கு வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வுநாள் என்பதை மனத்தில் வையுங்கள்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் பெயர்கள் நம் வீடுகளில் பழக்கமானவை. சென்னை கிறித்துவக் கல்லூரி (1837), திருச்சி தூய வளனார் கல்லூரி (1844), சென்னை லயோலா (1925), திருச்சி ஜமால் முகமது (1951). இவை பல்கலைக்கழகங்கள் அல்ல, கல்லூரிகள். பட்டச் சான்றிதழைத் தருவது சென்னைப் பல்கலைக்கழகமோ பாரதிதாசன் பல்கலைக்கழகமோதான். மலேசியாவில் அங்கீகாரம் தேடும்போது கல்லூரிப் பெயரைப் போட்டுத் தேடி ‘இல்லை’ என்று வருவதைப் பார்த்து மனம் உடைந்து போகிறவர்கள் உண்டு. பல்கலைக்கழகப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இன்னொன்று: 2024-25 கல்வியாண்டு முதல் இந்தியாவில் பி.பி.ஏ. படிப்பு தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வரம்புக்குள் வந்துவிட்டது. பி.காம். அப்படியல்ல. ஆகவே பி.பி.ஏ. என்றால் அந்த ஒப்புதலையும் கேட்க வேண்டும். இணையத்தில் காணும் கட்டணம் பெரும்பாலும் இந்தியக் குடிமக்களுக்கானது. வெளிநாட்டு மாணவர் கட்டணம் தனிப் பட்டியல், பல இடங்களில் டாலரில் இருக்கும்.

புட்டபர்த்தியில் 1981-இல் தொடங்கிய ஸ்ரீ சத்ய சாயி உயர்கல்வி நிறுவனம் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. விடுதி, சாப்பாட்டுச் செலவு மட்டும் மாணவருடையது. ஆனால் அங்கே படிப்பது என்பது முழுநேர ஆசிரம ஒழுங்கில் வாழ்வது: சைவ உணவு, பிரார்த்தனை, ஆண் பெண் தனித்தனி வளாகம். நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. சாயி நிலையத்தில் சிறுவயதிலிருந்து வளர்ந்த பிள்ளைக்கு அது இயல்பான இடம். கட்டணம் இல்லை என்ற ஒன்றுக்காக மட்டும் அனுப்பப்படுகிற பிள்ளைக்குக் கடினமாக இருக்கும்.

அமெரிக்க இணையவழிப் பட்டங்களில் லிபர்ட்டி என்னும் கிறித்துவப் பல்கலைக்கழகம் விளம்பரங்களில் அடிக்கடி வரும். அங்கே முழுநேர இணையவழி இளங்கலைக்கு ஒரு கிரெடிட் 390 டாலர் என்று வைத்துக்கொண்டால், 120 கிரெடிட்டுக்கு 46,800 டாலர். டாலர் 4 ரிங்கிட் என்றே கணக்கிட்டாலும் 187,200 ரிங்கிட். அமெரிக்கருக்கு அது மலிவு, நமக்கு இல்லை. மோர்மன் திருச்சபையின் இணையவழித் திட்டமான பி.ஒய்.யு.-பாத்வே வேறு கணக்கு. மாணவர் வாழும் நாட்டைப் பொறுத்துக் கட்டணம் மாறும், திருச்சபை உறுப்பினராக இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் இரண்டு விஷயம். ஒழுங்கு விதியில் மது, புகையிலையோடு காப்பியும் தேநீரும் கூடத் தடை. அடுத்தது இன்னும் முக்கியம்: 2023-இல் அங்கே மூன்றாண்டு, 90 முதல் 96 கிரெடிட் பட்டங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் இளங்கலைக்குக் குறைந்தது 120 கிரெடிட். இரண்டு நாட்டு கிரெடிட்டும் ஒரே அளவு அல்ல என்றாலும், இந்த வித்தியாசத்தை மலேசியத் தகுதி நிறுவனமான எம்.கியூ.ஏ.-விடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் முதல் கட்டணம் கட்டாதீர்கள்.

அங்கீகாரத்தை நீங்களே பார்ப்பது எப்படி?

உள்நாட்டுப் படிப்பு என்றால் எம்.கியூ.ஏ. இணையத்தளத்தில் மலேசியத் தகுதிப் பதிவேட்டைத் திறந்து, படிப்பின் முழுப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. படிப்பு வாரியாகத்தான் கிடைக்கும். ஒரே இடத்தில் சமயக் கல்விப் பட்டம் அங்கீகாரம் பெற்றும் வணிகப் பட்டம் பெறாமலும் இருக்கலாம். நேர்வகுப்பா தொலைநிலையா என்பதையும் பாருங்கள்.

விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அதில் தனியாக வரும் 6 என்ற எண் இளங்கலைப் பட்ட நிலை. 4 என்றால் டிப்ளோமா. மாதமும் ஆண்டும் ஒப்புதல் முடியும் தேதி. பிள்ளை படித்து முடிக்கும் முன்பே அந்தத் தேதி வந்தால், புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டார்களா என்று கேளுங்கள். கடைசியில் எஃப்.ஏ. (FA) என்று தொடங்கினால் முழு அங்கீகாரம், பி.ஏ. (PA) என்று தொடங்கினால் தற்காலிக அங்கீகாரம். தற்காலிகம் என்றால் மோசடி அல்ல, புதிய படிப்பு என்றே பொருள். முதல் அணி மாணவர் படிப்பை முடிக்கும் கட்டத்தில்தான் முழு அங்கீகாரத்துக்கு மதிப்பீடு நடக்கும். அது கிடைக்காமல் போனால் மாட்டிக்கொள்பவர்கள் அந்த முதல் அணி மாணவர்கள். பணக்காரக் குடும்பம் அந்த ஆபத்தை ஏற்கலாம். ஒரே சம்பளத்தில் ஓடும் வீடு ஏற்கக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

வெளிநாட்டுப் பட்டம் என்றால் அரசு வேலைக்கான தகுதியை பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ.-வின் இ-சிஸ்ராஃப் தளத்தில் தேடலாம். வளாகத்தில் படித்த பட்டத்துக்கு ஏற்பு இருப்பதால் அதே பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பட்டத்துக்கும் ஏற்பு உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். தேவைப்பட்டால் எம்.கியூ.ஏ.-விடம் சமநிலை அறிக்கை கேட்கலாம். அரசு வேலை எண்ணம் இருந்தால் எஸ்.பி.எம். (படிவம் ஐந்துத் தேர்வு) மலாய் மொழியில் கிரெடிட் நிலைத் தேர்ச்சி இல்லாமல் எந்தப் பட்டமும் உதவாது. அந்தத் தாளை முதலில் சரிசெய்யுங்கள்.

அமெரிக்கப் பெயரோடு வரும் சில சமயக் கல்லூரிகளிடம் மிகக் கவனம் தேவை. ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் சமய நிறுவனங்களுக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கு சமயப் பட்டங்களுக்கு மட்டுமே. அதை வைத்துக்கொண்டு யாராவது ‘எம்.பி.ஏ.’ என்றோ ‘வணிக இளங்கலை’ என்றோ விற்றால் விலகிவிடுங்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் அங்கீகாரத் தரவுத்தளத்தில் பெயர் இருக்கிறதா என்பதே கேள்வி. இந்தியா என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) பட்டியலைப் பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பெயர்களையும் யு.ஜி.சி.-யே வெளியிடுகிறது.

கணக்காளராக வேண்டும் என்ற பிள்ளைக்கு ஒரு தனிக் குறிப்பு. மலேசியக் கணக்காளர் கழகத்தில் சேர 1967 கணக்காளர் சட்டத்தின் அட்டவணையில் உள்ள தகுதி வேண்டும். அதில் யூ.யூ.எம்., யூ.ஐ.ஏ.எம். கணக்கியல் பட்டங்கள் இருக்கின்றன. பொது வணிக நிர்வாகப் பட்டம் அந்தக் கதவைத் திறக்காது, இந்திய பி.காம். மட்டும் இருந்தாலும் திறக்காது.

சேர்க்கைத் தகுதி

உள்நாட்டில் வணிக இளங்கலைக்கு எஸ்.டி.பி.எம். என்றால் இரண்டு பாடங்களில் சி, மெட்ரிகுலேஷன் அல்லது அடிப்படைப் படிப்பு என்றால் சராசரி 2.00 என்பது குறைந்தபட்ச அளவு. எஸ்.பி.எம்.-இல் கணிதமும் ஆங்கிலமும் தேர்ச்சி வேண்டும். அடிப்படைப் படிப்புக்கு எஸ்.பி.எம்.-இல் 5 பாடங்களில் கிரெடிட் தேர்ச்சி, டிப்ளோமாவுக்கு 3 பாடங்களில். இது அரசு வைத்த தரைமட்டம், பல்கலைக்கழகம் கூடுதலாகக் கேட்கலாம். வேலைக்குப் போய்விட்ட பிள்ளை, 21 வயது நிறைந்து அனுபவமும் இருந்தால், வேலை அனுபவத்தைத் தகுதியாக எடைபோடும் ஏபெல் மதிப்பீட்டின் வழியாகவும் நுழைய முடியும்.

முழுச் செலவைப் போட்டுப் பார்த்தல்

கல்விக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவதுதான் அதிகமாக நடக்கிற தவறு. ஒரு எடுத்துக்காட்டு. தொகைகள் நாங்கள் வைத்துக்கொண்டவை, உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து போய்வரும் இடம்: ஆண்டுக் கட்டணம் 6,000 வீதம் மூன்றாண்டுக்கு 18,000. பதிவு, தேர்வு, நூலகக் கட்டணம் ஆண்டுக்கு 600 வீதம் 1,800. பெட்ரோல் மாதம் 120, ஆண்டுக்குப் பத்து மாதம், மூன்றாண்டுக்கு 3,600. மடிக்கணினி 2,000. மொத்தம் 25,400 ரிங்கிட்.

கல்விக் கட்டணமே இல்லாத வெளிநாட்டு இடம்: விடுதியும் சாப்பாடும் மாதம் 350, ஆண்டுக்குப் பத்து மாதம், மூன்றாண்டுக்கு 10,500. ஆண்டுக்கு ஒரு முறை வந்துபோக 1,400 வீதம் 4,200. விசா, காப்புறுதி, மருத்துவப் பரிசோதனை 2,000. போனவுடன் வாங்கும் பாய் தலையணை, உடை முதலியவை 1,500. மடிக்கணினி 2,000. மொத்தம் 20,200.

இப்படிப் பார்த்தால் இரண்டாவது மலிவு. ஆனால் வீட்டில் இருக்கும் பிள்ளை சனிக்கிழமை கடையில் 60 ரிங்கிட்டுக்கு வேலை செய்தால், ஆண்டுக்கு 40 வாரம், மூன்றாண்டில் 7,200. முதல் கணக்கு 18,200-க்கு இறங்குகிறது. இந்திய மாணவர் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. பி.டி.பி.டி.என். என்னும் அரசுக் கல்விக் கடனும் உள்நாட்டு நிறுவனங்களுக்கு மட்டும்தான். இலவசக் கல்வி என்ற சொல்லுக்குப் பின்னால் 20,200-ஐயும் கையிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு ஒன்று கட்டாயச் சமயப் பாடங்கள். மலேசியாவில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் எம்.பி.யூ. பொதுப் பாடங்கள் உண்டு. சமயப் பல்கலைக்கழகத்தில் அவற்றுக்கு மேல் இன்னும் சில வரும். அவை பட்டத்தின் மொத்த கிரெடிட்டுக்குள் அடங்குகின்றனவா, அதற்கு வெளியே கூடுதலா, சராசரி மதிப்பெண்ணில் சேருமா என்று கேளுங்கள். வெளியே என்றால் ஒரு பருவம் நீளலாம். ஒரு பருவ நீட்சி என்பது ஒரு பருவக் கட்டணமும் ஆறு மாதச் சம்பள இழப்பும். இடையில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் பெரும்பாலும் முதலில் உதிர்ந்து போகும் கிரெடிட்டுகளும் இவைதான்.

பணம் எங்கிருந்து?

பி.டி.பி.டி.என். விண்ணப்பத்துக்கு எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும், குடியுரிமையும் வேண்டும். சிவப்பு அடையாள அட்டை (நிரந்தரவாசி) வைத்திருக்கும் பிள்ளைக்கு இந்த வழி மூடியிருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் குடியுரிமை விண்ணப்பத்தைப் படிவம் ஐந்துக்கு முன்பே தொடங்க வேண்டும். கடன் ஒப்புதல் கிடைத்தாலும் பணம் பதிவு நாளன்று கைக்கு வராது. முதல் பருவத்துக்கான தொகையைத் தனியே வைத்திருங்கள்.

அதற்குப் பெற்றோரின் ஊழியர் சேமநிதி (இ.பி.எஃப்.) உதவும். 2024 மே மாதம் கணக்குகள் மாற்றி அமைக்கப்பட்டபின் கல்விக்கான தொகை செஜாஹ்தெரா கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. டிப்ளோமாவுக்கும் அதற்கு மேலும், உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் எடுக்கலாம். எதற்கும் முன்பாக அந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா பாட்டி வாங்கிய பங்கு பல வீடுகளில் மறந்து கிடக்கிறது. உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி ஊக்கத்தொகை உண்டா என்று கேளுங்கள். தோட்டத் தொழிலாளர் சங்கம், ம.இ.கா.வின் கல்வி நிதியான எம்.ஐ.இ.டி., இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ரா ஆகிய இடங்களிலும் அந்த ஆண்டுக்கான உதவியை விசாரியுங்கள். எல்லா இடத்திலும் கேட்பது ஏறக்குறைய ஒரே தாள்கள்: மைகாட், பிறப்புப் பத்திரம், எஸ்.பி.எம். சான்றிதழ், சேர்க்கைக் கடிதம், பெற்றோரின் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. உறுதிசெய்த நகல்களை ஆறு கட்டாக எடுத்து வையுங்கள்.

சமய உதவித்தொகைக்குக் கோயில், சபை, மசூதி ஒன்றின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். உண்மையில் அங்கே தொண்டு செய்த பிள்ளைக்கு அது நேர்மையாகக் கிடைக்கும். உதவித்தொகைக்காகச் சமயம் மாறுவதாகக் கையெழுத்திடும் யோசனை சில வீடுகளில் எழும். செய்யாதீர்கள். முஸ்லிம் ஆவது மலேசியாவில் திருமணம், வாரிசுரிமை எல்லாவற்றையும் தொடும் சட்ட மாற்றம். எந்தச் சமயமானாலும் நம்பிக்கையின் பேரில் செய்வது வேறு, கட்டணத்துக்காகச் செய்வது வேறு.

விதிமுறைப் புத்தகத்தைப் படித்தல்

மாணவர் ஒழுங்கு விதிமுறையைப் பிள்ளையே உட்கார்ந்து முழுதும் படிக்க வேண்டும். அப்பா அம்மா படித்துச் சொல்வது போதாது, அங்கே வாழப்போவது பிள்ளைதான். வழிபாட்டுக்கு வருகைப் பதிவு எடுக்கிறார்களா, வராவிட்டால் அபராதமா, மதிப்பெண் குறைப்பா? தைப்பூசத்தன்றோ தீபாவளியன்றோ தேர்வு வந்தால் மாற்றுத் தேதி உண்டா? விடுதி அறையில் சாமிப் படம் வைக்கலாமா? நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாடு எங்கே? விதி மீறினால் உதவித்தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்களா? கடைசிக் கேள்விதான் வீட்டையே ஆட்டக்கூடியது. சில ஒப்பந்தங்களில் இடையில் நின்றால் அதுவரை கொடுத்த தொகை முழுதும் கடனாக மாறும் என்ற வரி இருக்கும். அந்த வரியைத் தேடிப் பிடித்து அடிக்கோடு போடுங்கள்.

கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, பதிலை அச்செடுத்து வையுங்கள். தொலைபேசியில் சொன்ன வாக்குக்குப் பின்னால் சாட்சி இருக்காது.

பெயர் விஷயத்தையும் இந்தக் கட்டத்திலேயே முடியுங்கள். பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, மைகாட்டில் வேறெழுத்து என்றால் முதலில் பதிவு இலாகாவில் திருத்துங்கள். இந்திய, அமெரிக்க இணையப் படிவங்கள் குடும்பப் பெயர் கேட்கும், ‘ஏ/எல்’, ‘ஏ/பி’-யில் உள்ள சாய்கோட்டை ஏற்காமலும் போகும். கடப்பிதழில் உள்ளபடி முழுப் பெயரும் சான்றிதழில் வருமாறு எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். பட்டம் கைக்கு வந்தபின் பெயர் திருத்துவது பெரும்பாடு. இந்தியா போகிறவர் விசா 180 நாளுக்கு மேல் என்றால், இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும்.

பணம் கட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. சேர்க்கைக் கடிதம் கையில் வந்தபின், பல்கலைக்கழகத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் கட்டுங்கள். முகவரின் சொந்தக் கணக்குக்கு ஒரு ரிங்கிட் கூடப் போடாதீர்கள். இடம் பிடித்து வைக்கும் தொகை திரும்பக் கிடைக்குமா, எத்தனை நாளுக்குள் விலகினால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதைக் கடிதத்திலேயே பாருங்கள். யூ.பி.யூ. முடிவு வரும் முன்பு கட்ட நேர்ந்தால், திரும்பப் பெறும் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். யூ.யூ.எம். இடம் அதற்குள் வந்துவிட்டால், விலகல் கடிதத்தை அன்றே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி, ரசீது எண்ணை அதே கோப்பில் வையுங்கள்.